சித்தன்னவாசல் யானையும் இன்றைய யானையும்

புதுக்கோட்டைப் பக்கம் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அன்னவாசல் சாலையில் இருக்கும் சித்தன்னவாசல் குன்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஊரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வறண்ட சமவெளியின் நடுவே நீண்டு கிடக்கும் அந்தப் பாறைக் குன்றின் மேற்குப் பக்கத்தில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை உள்ளது. உள்ளே சென்று தலையை நிமிர்த்தி விதானத்தைப் பாருங்கள். ஒரு தாமரைக் குளம் உங்கள் தலைக்கு மேலே விரிந்திருக்கும். இலையும் மொட்டும் மலருமாகத் தாமரைகள்; அவற்றிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள்; பூப்பறிக்கும் மனிதர் மூவர். சாயம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. ஆயினும் குளம் இன்னும் வற்றவில்லை.

பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாக இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அது கி.பி. 9-ஆம் நூற்றாண்டு. இன்று நாம் காணும் ஓவியங்களைப் பெரும்பாலான அறிஞர்கள் அக்காலத்தோடு சேர்த்தே பேசுகின்றனர்.

ஒருமுறை எங்கள் கல்லூரி மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எல்லாரும் தாமரையையும் நடன மாதரையும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மாணவன் மட்டும் யானையையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், இந்த யானையும் இப்போ காட்டுல இருக்கிற யானையும் ஒண்ணுதானா?" என்று கேட்டான். "ஆயிரம் வருஷத்தில் யானை என்னப்பா மாறிவிடப் போகிறது?" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன்.

வீடு திரும்பிய பிறகு அந்தப் பதில் என்னை உறுத்தியது. நான் இயற்பியல் கற்பிப்பவன். விலங்கியல் எனக்கு அயல் வீடு. ஆனால் அயல் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தபோது, என் பதில் தவறு என்று தெரிந்தது. அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இரண்டு கடிகாரங்கள்

விஷயத்தை யானையிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் சார்லஸ் டார்வினும் யானையிலிருந்து ஒரு கணக்கைத் தொடங்கினார். விலங்குகளில் மிக மெதுவாகப் பெருகுபவற்றுள் ஒன்று யானை. அப்படியிருந்தும், ஒரு ஜோடி யானையின் சந்ததி முழுவதும் தடையின்றிப் பெருகினால் என்ன ஆகும்? 500 ஆண்டுகளின் முடிவில் ஒன்றரைக் கோடி யானைகள் இருக்கும் என்று 1859-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கணக்கில் பிழை இருப்பதாகச் சிலர் சுட்டிக்காட்டினர். பிந்திய பதிப்பில், 740 முதல் 750 ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு கோடியே 90 லட்சம் என்று திருத்தினார். டார்வினே கணக்கில் தடுமாறினார் என்பது நம் மாணவர்களுக்கு ஓர் ஆறுதல்!

ஆனால் உலகம் யானைகளால் நிரம்பிவிடவில்லை. உணவுப் பஞ்சம், நோய், எதிரி, வறட்சி ஆகியவை இடையில் நின்று பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுகின்றன. பிழைப்பவை எவை, மடிபவை எவை என்பது முற்றிலும் குருட்டு அதிர்ஷ்டம் அன்று. சூழலுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்துபவை கூடுதலாகப் பிழைக்கின்றன. அவற்றின் இயல்பு சந்ததிக்குப் போகிறது. இதுதான் இயற்கைத் தேர்வு.

1866-இல் ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஹெக்கல், உயிரினத்துக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கு ஒரு பெயர் வைத்தார். அதைத்தான் நாம் சூழலியல் என்கிறோம். ஆக, டார்வின் கைக்குள் ஒன்றாக இருந்த விஷயம் இரண்டு துறைகளாகப் பிரிந்தது. சூழலியலார் இந்த ஆண்டு எத்தனை மான், எவ்வளவு புல், எத்தனை புலி என்று எண்ணினர். பரிணாமவியலார் பல லட்சம் ஆண்டுகளை அளந்தனர். ஒருவர் கையில் விநாடி முள், மற்றவர் கையில் யுகங்களைக் காட்டும் முள். சூழல் பரிணாமத்தை நடத்துகிறது என்பதை இருவருமே ஒப்புக்கொண்டனர். ஆனால் பரிணாமம் அவ்வளவு மெதுவானது என்றால், இன்றைய சூழலில் அதனால் என்ன செய்துவிட முடியும்? எனவே சூழலியலார் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த நம்பிக்கையை முதலில் கணிதத்தால் அசைத்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பின்னாளில், 1957-இல், இந்தியாவுக்கே வந்து தங்கி, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்தான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1848-இல் கறுப்பு அந்துப்பூச்சி ஒன்று முதன்முதலாகப் பதிவானது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்த அந்நகரில், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளுமே கறுப்பாகிவிட்டன. இவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால், வெளிறிய பூச்சிகள் இரண்டு தழைக்கும் இடத்தில் கறுப்புப் பூச்சிகள் மூன்று தழைத்திருக்க வேண்டும் என்று ஹால்டேன் 1924-இல் கணக்கிட்டுக் காட்டினார். பரிணாமம் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நடக்கும் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

குருவி தின்ற விதை, குருவியை மாற்றியது

அடுத்த காட்சி பசிபிக் கடலிலுள்ள கலாபகஸ் தீவுகள். 1973 முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் டாப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, வளையமிட்டு, அலகை அளந்து வந்தனர். 1977-இல் மழை பொய்த்தது. செடிகள் புது விதை தரவில்லை. குருவிகள் எளிதில் உடையும் சிறு விதைகளை முதலில் தின்று தீர்த்தன. எஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தர நிலக்குருவி என்னும் இனத்தில் பத்தில் எட்டுக்கு மேல் மடிந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுள்ளவையே மிகுதி. அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகோடு பிறந்தன. 1983-இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தபோது நிலைமை எதிர்த்திசையில் திரும்பியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிறு விதைகள் தீர்ந்ததற்கு வறட்சி மட்டுமே காரணம் அன்று. குருவிகளும் தின்று தீர்த்தன. குருவி தன் சூழலை மாற்றியது. மாறிய சூழல் திரும்பி வந்து குருவியை மாற்றியது.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் இணை ஊசல்களைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய ஒரே நூலில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டு ஒன்றை ஆட்டுகிறோம். சிறிது நேரத்தில் அதன் ஆட்டம் அடங்குகிறது. தொடாத மற்றது ஆடத் தொடங்குகிறது. பிறகு ஆட்டம் முதல் ஊசலுக்கே திரும்பி வருகிறது. இரண்டையும் தனித்தனியே எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இந்த விந்தை விளங்காது. இணைக்கும் நூலைப் பார்க்க வேண்டும். சூழலும் பரிணாமமும் அவ்வாறு ஒரே நூலில் தொங்கும் இரு ஊசல்கள்.

அந்த நூலைச் சோதனையிலேயே காட்டியது ஒரு சிறு மீன். நம் ஊரில் கொசுப் புழுக்களைத் தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறார்களே, அந்தக் கப்பி மீன்தான். அதன் சொந்த ஊர் டிரினிடாட் தீவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். டிரினிடாட் ஓடைகளில் பெரிய மீன்கள் கப்பியை வேட்டையாடும் பகுதிகள் உண்டு. அருவிக்கு மேலே அந்த எதிரிகள் ஏற முடியாத பகுதிகளும் உண்டு. எதிரியுள்ள இடத்தில் கப்பி சீக்கிரம் பருவமடைந்து நிறையக் குஞ்சு போடும். எதிரி மிகக் குறைந்த இடத்தில் நிதானமாக வளர்ந்து, குறைவாக, ஆனால் பெரிய குஞ்சுகளாகப் போடும். 1976-இல் ஜான் எண்ட்லர் எதிரியுள்ள இடத்துக் கப்பிகளை, பெரிய எதிரிகள் இல்லாத ஓர் ஓடைப் பகுதிக்கு மாற்றினார். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், அவை மரபு வழியிலேயே நிதானப் போக்குக்கு மாறிவிட்டன என்று டேவிட் ரெஸ்னிக்கும் எண்ட்லரும் அவர்களுடைய கூட்டாளியும் 1990-இல் அறிவித்தனர்.

சோதனை அதோடு நிற்கவில்லை. இருவகைக் கப்பிகளையும் தனித்தனிச் செயற்கை ஓடைகளில் விட்டு, இம்முறை மீனை விட்டுவிட்டு ஓடையை அளந்தனர். 2010-இல் முடிவு வெளிவந்தது. எதிரியுள்ள இடத்திலிருந்து வந்த கப்பிகள் பூச்சிப் புழுக்களை அதிகம் தின்றதால் அவற்றின் ஓடையில் பாசி செழித்தது. மற்ற வகைக் கப்பிகள் பாசியை அதிகம் தின்றன. அங்கே பாசி குறைந்தது. ஒரே இன மீன்தான். ஆனால் சில தலைமுறைகளின் பரிணாமம் குளத்தின் நிறத்தையே மாற்ற வல்லது என்று தெரிந்துவிட்டது.

சித்தன்னவாசல் குளத்தில் நீந்தும் மீன்களை இப்போது நினைத்துப் பாருங்கள். நிலையான நீரில் நிலையான மீன் என்று ஒன்று இல்லை. சரி, மீன் மாறலாம். அதற்கு ஆண்டுக்குப் பல தலைமுறை. யானைக்கு ஒரு தலைமுறையே ஏறக்குறைய 25 ஆண்டு ஆயிற்றே? ஓவியம் தீட்டப்பட்ட நாள் முதல் இன்று வரை எண்ணினாலும் 46 தலைமுறைதான். அதற்குள் யானை மாறுமா? இனி யானைக்கே வருவோம்.

தந்தத்தின் வரலாறு

ஆசிய யானையில் நீண்ட தந்தம் ஆணுக்கு மட்டுமே உண்டு. எல்லா ஆணுக்கும் இல்லை. தந்தமுள்ள ஆணைக் கொம்பன் என்றும், தந்தமில்லாத ஆணை மக்னா என்றும் சொல்கிறோம். தென்னிந்தியாவில் ஆண் யானைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கொம்பன்கள். வடகிழக்கு இந்தியாவில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால், பத்தில் ஒன்றுக்கும் குறைவே கொம்பன். ஒரே இனத்தில் ஏன் இத்தனை வேறுபாடு?

வரலாற்றைப் புரட்டினால் ஒரு துப்பு கிடைக்கிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் பழமையான அர்த்தசாஸ்திரம் யானைக் காடுகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்துக்குக் கொடுத்த சுவடியிலிருந்து ஆர். சாமசாஸ்திரி 1909-இல் பதிப்பித்த நூல் அது. யானையைக் கொல்பவனுக்கு அது மரண தண்டனை விதிக்கிறது. தானாக இறந்த யானையின் தந்தங்களைக் கொண்டு வருபவனுக்குப் பரிசு தருகிறது. அரசனுக்காகப் பிடிக்கக் கூடாத யானைகளின் பட்டியலும் அதில் உண்டு: கன்று, நோயுற்றது, சினை யானை, பாலூட்டும் யானை; இவற்றோடு தந்தமில்லாத யானையும்! அதாவது, கொம்பனைப் பிடி, மக்னாவை விடு என்பது எழுதப்பட்ட சட்டம்.

அரசனுக்கு இது படைபலக் கணக்கு. பரிணாமத்தின் கண்ணில் இது ஒரு தேர்வு. பிடிபட்டு, கொட்டகையில் கட்டுண்டு, காட்டில் சந்ததி விடாத யானை, மரபு வழியைப் பொறுத்தவரை இறந்த யானைக்குச் சமம். காட்டில் தங்கியவனே அடுத்த தலைமுறைக்குத் தந்தை.

இதோடு தந்த வணிகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து எகிப்துக்குச் சென்ற ஹெர்மபோலோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு ஒரு பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அந்த ஒரு கப்பலில் மட்டும் 2 டன்னுக்கு மேல் யானைத் தந்தம் இருந்தது. இலங்கையிலோ யானை ஏற்றுமதி பல நூற்றாண்டுத் தொழில். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் கடல்நீரேரி வழியே யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் சென்ற இடம்தான் ஆனையிறவு. ஊர்ப் பெயரிலேயே வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது! 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்கே யானையைச் சுடுவதை விளையாட்டாகவே வைத்திருந்தனர். மேஜர் ராஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பதிவு இருக்கிறது.

இப்படிப் பிடிப்பதும் சுடுவதும் ஒரு விகிதத்தை உண்மையிலேயே மாற்றுமா? எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு காட்டில் 100 ஆண் யானைகள். 90 கொம்பன், 10 மக்னா. ஒவ்வொரு தலைமுறையிலும் கொம்பன்களில் பாதி, சந்ததி விடுமுன் போய்விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மகன் தந்தையைப் போலவே இருப்பான் என்றும் எளிமைக்காகக் கொள்வோம். முதலில் மக்னாவுக்கும் கொம்பனுக்கும் உள்ள விகிதம் 1:9. அடுத்த தலைமுறையில் 2:9, பிறகு 4:9, 8:9, 16:9. சதவீதத்தில் சொன்னால் மக்னாக்கள் 10-லிருந்து 18, 31, 47, 64 என்று ஏறுகின்றன. நான்கே தலைமுறைகளில், அதாவது ஏறக்குறைய 100 ஆண்டுகளில், சிறுபான்மை பெரும்பான்மை ஆகிவிடுகிறது!

உண்மையில் இது இவ்வளவு வேகமாக நடக்காது. பேரனின் தந்தத்துக்கான மரபணுவைத் தாயும் சுமக்கிறாள். அவளுக்குத் தந்தம் இல்லாததால் வேட்டைக்காரன் அவளைத் தொடுவதில்லை. ஆகவே வேகம் குறையும்; திசை மாறாது.

இலங்கை யானையின் தந்தக் குறைவுக்கு நீண்ட காலப் பிடிப்பும் வேட்டையுமே காரணம் என்று 1995-இல் பிரெட் குர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் வாதிட்டனர். தீவில் தொடக்கத்தில் குடியேறிய யானைகள் சிலவே. அவற்றில் தற்செயலாகத் தந்த மரபு குறைந்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். ஒரே விளைவுக்கு இரண்டு காரணங்கள் போட்டியிட்டால், நாங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்வோம். யானையை வைத்து யார் சோதனை செய்வது? துரதிர்ஷ்டவசமாக, ஒரு போர் அதைச் செய்தது.

கொரங்கோசாவின் பாடம்

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் கொரங்கோசா என்னும் தேசியப் பூங்கா உள்ளது. 1977 முதல் 1992 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர். படைகள் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகளைக் கொன்று குவித்தன. 1972-இல் 2,500-க்கு மேல் இருந்த யானைகள் 2000-இல் 250-க்கும் குறைந்தன. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் அங்கே பெண் யானைகளில் 18.5 சதவீதம் தந்தமில்லாதவை. போருக்குப் பின் அது 50.9 சதவீதம். ஷேன் கேம்பல்-ஸ்டாட்டன், ராபர்ட் பிரிங்கிள் முதலியோர் 2021-இல் இந்த ஆய்வை வெளியிட்டனர்.

தந்தமில்லாதவை தப்பிப் பிழைத்தன, அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். போருக்குப் பின் பிறந்த பெண் யானைகளிலும் 33 சதவீதம் தந்தமில்லாமலே இருந்தன. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் அதன் தழும்பு மரபில் தங்கிவிட்டது.

இன்னும் விசித்திரமான ஒன்று இருக்கிறது. அங்கே தந்தமில்லாத ஆண் யானை கிட்டத்தட்டக் காணப்படுவதே இல்லை. காரணமான மரபணு மாற்றம் தாயின் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைப் பெறும் ஆண் கரு பிழைப்பதில்லை என்று சான்றுகள் காட்டுகின்றன. இரண்டு நாணயங்களைச் சுண்டுவது போல் நினைத்துக்கொள்ளுங்கள். தந்தமில்லாத தாய்க்கு நான்கு வகையாகக் கரு அமையலாம்: தந்தமுள்ள மகள், தந்தமில்லா மகள், தந்தமுள்ள மகன், பிழைக்காத மகன். எஞ்சும் மூன்றில் இரண்டு பங்கு மகள்கள். உண்மையில் எண்ணிப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே விகிதம் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? மனிதனின் வேட்டை யானையின் மரபை மாற்றியது. மாறிய மரபு, பிறக்கும் கன்றுகளின் எண்ணிக்கையையும் ஆண்-பெண் விகிதத்தையும் மாற்றுகிறது. ஆட்டம் ஒரு ஊசலிலிருந்து மற்றதற்குப் போய், முதல் ஊசலுக்கே திரும்பி வருகிறது. ஆப்பிரிக்க யானைகள் தந்தத்தால் மரப்பட்டை உரிக்கின்றன, மரத்தைச் சாய்க்கின்றன, தண்ணீருக்காக மண்ணைத் தோண்டுகின்றன. தந்தமுள்ளவையும் இல்லாதவையும் தின்னும் தாவரங்களில் வேறுபாடு இருப்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. யானை முறித்த மரங்களின் பிளவுகளில் சிறு பல்லிகள் அதிகம் குடியிருப்பதைக் கென்யாவில் பிரிங்கிள் 2008-இல் காட்டியிருந்தார். தந்தம் போனால் மரம் மாறும். மரம் மாறினால் பல்லிவரை சேதி போகும்.

நம் காடுகளில்

நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1873-லேயே காட்டு யானைகளைக் காக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 1970-களிலும் 80-களிலும் தந்தத்துக்கான கள்ள வேட்டை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை உலுக்கியது. 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராசநகர்க் காடுகளில் யானைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ராமன் சுகுமார், வேட்டையின் முழுப் பளுவும் ஆண்கள் மீதே விழுவதை விளக்கினார். கேரளத்தின் பெரியாறு காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண்கள் ஏறக்குறைய நூறு என்னும் நிலை வந்தது. கன்றுகள் பிறப்பதும் குறைந்தது.

யாரை இழந்தோம் என்பதும் முக்கியம். 1997-இல் மிலிந்த் வாட்வேயும் சுகுமாரும் முதுமலை யானைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டனர். தந்தம் நீண்ட ஆண்களின் உடலில் ஒட்டுண்ணிகள் குறைவாக இருந்தன என்பது அதன் முடிவு. அப்படியானால் நீண்ட தந்தம் நல்ல உடல்நலத்தின் அடையாளம். வேட்டைக்காரன் தேடிச் சுடுவதும் அதையேதான். இயற்கை எதைத் தேர்ந்தெடுக்குமோ, அதையே அவன் கழித்துவிடுகிறான்.

அதற்காக மக்னாவைக் குறைபட்ட யானை என்று எண்ணிவிடாதீர்கள். அசாமின் காசிரங்காவில் கற்பகம் செல்லையாவும் சுகுமாரும் ஆண் யானைகளின் மோதல்களைக் கவனித்தனர். வெற்றியைத் தீர்மானிப்பதில் மதமே முதலிடம், அடுத்து உடற்பருமன், தந்தம் அதற்கும் பின்னால்தான் என்று 2013-இல் தெரிவித்தனர். ஆகவே மதம் கொண்ட மக்னா, கொம்பனையும் விரட்ட முடியும். வடகிழக்கில் அவை பாதியளவு நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

அப்படியிருந்தும் தென்னாட்டில் கொம்பனே இன்னும் பெரும்பான்மை. ஏன்? நாம் போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். கடும் வேட்டை நீடித்தது ஒன்றிரண்டு தலைமுறைக் காலம். அது முற்றுமுன் சட்டம் குறுக்கிட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1977-இல் யானை அதன் முதல் அட்டவணைக்கு உயர்வு. 1986-இல் இந்தியத் தந்த வணிகத்துக்குத் தடை. 1989-இல் உலக நாடுகள் முடிவு செய்த தந்த வணிகத் தடை. 1992-இல் யானைத் திட்டம். கள்ள வேட்டை அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் கணக்கில் 2:9, 4:9 என்று ஏறும் வரிசை முற்றிவிடாமல் தடுக்கப்பட்டது. ஒரு சட்டம் யானையின் உயிரைக் காப்பதோடு, இன்னும் பிறக்காத யானையின் உருவத்தையும் காக்கிறது!

யானை நின்றால் வேறு பலவும் நிற்கும். இலங்கையின் தென்கிழக்குப் பகுதியில் காய்ந்த யானைச் சாணத்தைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதற்குள் மூன்று இனத் தவளைகள் தங்கியிருந்ததை 2009-இல் எழுதினர். யானை விழுங்கிய விதை தாய்மரத்திலிருந்து மைல்கணக்கில் தள்ளிப் போய் முளைக்கிறது. காடு யானையை உருவாக்கியது; யானையும் காட்டை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது.

ஹட்சின்சன் என்னும் சூழலியல் அறிஞர் 1965-இல் எழுதிய நூலுக்குச் சூழலியல் அரங்கும் பரிணாம நாடகமும் என்று பொருள்படும் பெயர் வைத்தார். அழகிய உவமை. அதில் நாம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊர்த் தெருக்கூத்தில் ஆடுபவர்கள் மிதித்து மிதித்தே தரை இறுகி ஆடுகளம் ஆகிறது அல்லவா? இயற்கையிலும் அப்படியே. ஆடுபவர் களத்தை அமைக்கிறார். களம் ஆட்டத்தை அமைக்கிறது.

இப்போது அந்த மாணவனுக்கு என் பதில் இது: "தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. இந்த யானைக்கும் இன்றைய யானைக்கும் நடுவில் நாற்பத்தாறு தலைமுறை. நம் பக்கத்து மலைகளில் பெரும்பாலும் அதே யானைதான். ஆனால் அது தானாக அப்படியே இருந்துவிடவில்லை. இன்னும் நூறு ஆண்டு வேட்டை நீடித்திருந்தால், உன் பேரன் இங்கே வந்து வேறு பதில் பெற்றிருப்பான்."

நீங்கள் சித்தன்னவாசலுக்குச் சென்றால், அந்தக் குளத்தின் கீழே சற்று நேரம் நில்லுங்கள். அன்னம், மீன், எருமை, யானை, மனிதன் என்று ஐந்தையும் ஓவியர் ஒரே நீரில் வைத்திருக்கிறார். தாமரை பறிக்கும் அந்த மனிதர்களும் குளத்துக்கு வெளியே நிற்கவில்லை; உள்ளேதான் இறங்கியிருக்கிறார்கள். நாமும் அப்படித்தான்.